தேயிலைக்கு ஈடாக நம் மூச்சு: லயன் கூரையில் இனி அஸ்பெஸ்டஸ் வேண்டாம்



லயன் கூரை ஒழுகுகிறது என்று தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகு, ஒரு நாள் லொறியில் கொஞ்சம் தகடுகள் வந்து இறங்கும். சாம்பல் நிறத்தில், அலை அலையாக, கையால் தட்டினால் மண்பாண்டம் போலச் சத்தம் கேட்கும். நாம் அதைச் "சீட்" என்கிறோம். அது அஸ்பெஸ்டஸ் சீட். வந்து இறங்கிய சந்தோசத்தில், அது எதனால் செய்யப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. தருகிறவர்களும் சொல்வதில்லை.

தேர்தல் வந்தாலும் இதே கதைதான். ஒரு கட்சி தகரம் தரும், இன்னொரு கட்சி சீட் தரும். படம் எடுத்துக்கொள்வார்கள், கைகொடுப்பார்கள், போய்விடுவார்கள். சீட் நம் தலைக்கு மேல் முப்பது, நாற்பது வருடம் இருக்கும். அதற்குள் இருக்கும் நார் நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போனால், அதுவும் அவ்வளவு காலம் இருக்கும்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். தோட்ட மக்களின் கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீட் போடுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். போட்டிருப்பதைப் பத்திரமாக அகற்றும் பொறுப்பையும் செலவையும் கம்பனிகளும் அரசாங்கமும் ஏற்க வேண்டும். ஏன் மற்றவர்களைவிட நமக்கு இதைக் கேட்கும் உரிமை அதிகம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் அஸ்பெஸ்டஸ் தடை தள்ளிப்போடப்பட்டது நம் தேயிலையின் பேரைச் சொல்லித்தான்.

2017 டிசெம்பரில் நடந்தது என்ன?

மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக இருந்த காலத்தில் அரசாங்கம் ஒரு நல்ல முடிவை அறிவித்தது. 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவது, 2024ஆம் ஆண்டளவில் அஸ்பெஸ்டஸ் பொருட்களை நாட்டிலிருந்து முற்றாக ஒழிப்பது என்பதே அந்த முடிவு. நம் நாட்டுக்கு வரும் அஸ்பெஸ்டஸில் பெரும் பங்கு ரஷ்யாவிலிருந்து வருகிறது. உலகத்திலேயே அதிகமாக அஸ்பெஸ்டஸ் தோண்டி எடுக்கும் நாடு அது. அதே ரஷ்யா நம் தேயிலையை வாங்கும் முன்னணி நாடுகளிலும் ஒன்று.

கட்டுப்பாடு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, இலங்கையிலிருந்து போன தேயிலைச் சரக்கு ஒன்றில் காப்ரா வண்டு இருந்ததாக ரஷ்யா சொன்னது. களஞ்சியத்தில் வைத்திருக்கும் தானியத்தை அழிக்கும் பூச்சி அது. டிசெம்பர் 18 முதல் இலங்கைத் தேயிலையை ரஷ்யா நிறுத்திவைத்தது. கொழும்பு ஆடிப்போனது. அமைச்சர்கள் கூடினார்கள், கடிதங்கள் பறந்தன. அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட அரசாங்கம் முடிவு செய்தது. டிசெம்பர் 30 ஆம் திகதி தேயிலைத் தடை நீங்கியது.

வண்டுதான் காரணம் என்பதே அதிகாரபூர்வமான விளக்கம். சரி, வண்டு என்றே வைத்துக்கொள்வோம். வண்டுக்கு மருந்து அடிக்கலாம். சரக்கைத் திருப்பி எடுக்கலாம். பொதி கட்டும் இடத்தைச் சுத்தப்படுத்தலாம். ஒரு வண்டுக்கு மருந்தாக அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டை ஏன் தள்ளிப்போட வேண்டும்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

அந்தத் தேயிலையைக் கிள்ளியது யார்? நாம். அந்த டிசெம்பரில் நம் அடிப்படைச் சம்பளம் ஒரு நாளைக்கு 500 ரூபா. மழையிலும் அட்டைக்கடியிலும் நாம் கிள்ளிய கொழுந்து தராசின் ஒரு தட்டில் ஏறியது. மற்றத் தட்டில் அஸ்பெஸ்டஸ் ஏறியது. பேரம் முடிந்தது. நம்மை யாரும் கேட்கவில்லை. "தேயிலைத் தொழிலைக் காப்பாற்றினோம்" என்று அறிக்கை விட்டார்கள். தேயிலைத் தொழிலாளியின் நெஞ்சைப் பற்றி அந்தப் பேரத்தில் ஒரு வரியாவது இருந்ததா?

2024 வந்தது, போனது. சீட் இன்றும் கடையில் அடுக்கி வைத்து விற்கப்படுகிறது.

அந்தச் சீட்டுக்குள் இருப்பது என்ன?

அஸ்பெஸ்டஸ் என்பது நிலத்துக்குள்ளிருந்து தோண்டி எடுக்கும் ஒரு கல். ஆனால் பஞ்சு போல நார் நாராகப் பிரியும் கல். நெருப்பில் எரியாது, மழையில் மக்காது, இலேசில் அறாது. சீமெந்தோடு சுமார் பத்தில் ஒரு பங்கு இந்த நாரைக் கலந்து அழுத்தினால், மெல்லிய தகடும் உறுதியாக நிற்கும். அதுதான் சீட்.

இந்த நார் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, தொண்டையில் கரகரக்காது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் அடிவரை இறங்கும். அங்கே மக்காமல் கிடக்கும். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய் வரலாம். நுரையீரல் புற்றுநோய் வரலாம். நுரையீரலைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் வரலாம். இந்தக் கடைசி நோய்க்கு அஸ்பெஸ்டஸே முக்கிய காரணம். அதைக் குணப்படுத்த இன்னும் வழியில்லை. நார் உள்ளே போன அன்றே நோய் வருவதில்லை. இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து வரும். பதினெட்டு வயதில் கூரை வேலை செய்தவனுக்கு, பேரப்பிள்ளை பிறக்கும் காலத்தில் இருமல் தொடங்கும். அப்போது அந்தச் சீட்டைக் கொடுத்த துரையும் இருக்கமாட்டார், அரசியல்வாதியும் இருக்கமாட்டார். பீடியும் சிகரெட்டும் குடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இன்னும் பல மடங்கு கூடுகிறது.

"நீலமும் கபிலமும்தான் கெட்டவை. நாங்கள் விற்பது வெள்ளை அஸ்பெஸ்டஸ், அது பாதுகாப்பானது" என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். இது பொய். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், வெள்ளை உட்பட எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று முதலாம் தொகுதியில் சேர்த்திருக்கிறது. சிகரெட் புகை இருப்பதும் அதே தொகுதியில்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் எல்லா வகையையும் தடை செய்திருக்கிறது. அவுஸ்திரேலியா 2003 கடைசியோடு நிறுத்தியது. நம்மைவிட வசதி குறைந்த நேபாளம்கூட 2015 இல் தடை செய்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் வேண்டாம் என்று ஒதுக்கிய பொருள் நம் கூரைக்கு மட்டும் எப்படி நல்லதாகும்?

இன்னொன்றையும் பாருங்கள். நம் தேயிலையை வாங்கும் ஐரோப்பாவும் ஜப்பானும் அதில் களைநாசினி எச்சம் எவ்வளவு என்று ஒரு கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் அளக்கின்றன. கூடினால் சரக்குத் திரும்பி வரும். உடனே கம்பனி ஓடித் திரிந்து சரி செய்கிறது. குடிப்பவரின் கோப்பைக்கு அவ்வளவு காவல். கிள்ளுபவள் படுத்துறங்கும் காம்பராவின் காற்றை அளக்க ஒரு நாளாவது யாராவது கருவி கொண்டு வந்தார்களா?

"சும்மா இருந்தால் ஒன்றும் செய்யாது" என்ற பேச்சு

சீட்டைப் போட்டுவிட்டுத் தொடாமல் விட்டால் ஆபத்துக் குறைவு என்கிறார்கள். இதில் பாதி உண்மை. உடையாத, தேயாத சீட்டிலிருந்து நார் அதிகம் வெளியே வராது. அதனால் இன்றிரவு யாரும் பயந்துபோய்க் கூரையைப் பிடுங்க வேண்டாம். பிடுங்குவதுதான் அதிக ஆபத்து. ஆனால் லயன் கூரை எப்போதாவது சும்மா இருந்திருக்கிறதா?

பங்களாவில் சீட் போட்டால் அளந்து வெட்டி ஒரு தரம் போடுவார்கள், மேலே யாரும் ஏறமாட்டார்கள். லயனில் அப்படியா? ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை இருக்கிறது. பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் இஸ்தோப்பை மறித்து ஒரு அறை எடுக்கிறோம். குசினியைப் பின்பக்கம் நீட்டுகிறோம். ஒவ்வொரு தரமும் சீட்டை வாளால் அறுக்கிறோம், ஆணிக்கு ஓட்டை போடுகிறோம். கிரைண்டர் வந்த பிறகு ஒரே நிமிடத்தில் வெள்ளைப் புழுதி மேகம். கீழே பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வெள்ளைப் புழுதிதான் விஷம்.

குரங்குக் கூட்டம் கூரையில் குதித்தால் சீட் வெடிக்கும். பனியும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம் மலையில் சீட்டின் மேல் பாசி பிடிக்கும். காலப்போக்கில் மேல் சீமெந்து கரைந்து நார் தெரியும். தீபாவளிக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டுகிறோம். சுரண்டியதைக் காய்ந்த பிறகு கூட்டுகிறோம். "சும்மா இருக்கும்" சீட் எங்கே இருக்கிறது?

உடைந்த சீட்டை நாம் வீசுவதில்லை. வறுமை எதையும் வீச விடாது. கோழிக்கூட்டுக்குச் சுவர் ஆகிறது. மரக்கறிப் பாத்திக்கு வரம்பு ஆகிறது. வாசலில் சேறு மிதிக்காமலிருக்க நடைபாதைக்குப் பரப்புகிறோம். கானுக்கு மூடியாக வைக்கிறோம். மாடு மிதிக்கிறது, பிள்ளைகள் மிதிக்கிறார்கள், துண்டு துண்டாகி மண்ணோடு மண்ணாகிறது. வெயில் வந்தால் காற்றோடு எழும்புகிறது.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது லயன் தீ. ஒரு காம்பராவில் மின்கசிவு ஏற்பட்டால் முழு லயனும் எரிந்துபோவதை நாம் எத்தனை தரம் பார்த்துவிட்டோம்! அஸ்பெஸ்டஸ் சீட் எரியாது என்று பெருமையாக விற்கிறார்கள். எரியாது, உண்மை. ஆனால் சூடேறினால் வெடி போல வெடித்துச் சிதறும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மறுநாள் காலை சாம்பலுக்குள் பிறப்புச் சான்றிதழையும், நகையையும், அடையாள அட்டையையும் வெறும் கையால் கிளறித் தேடுகிறோம். அந்தச் சாம்பலில் என்ன கலந்திருக்கிறது என்று வந்து பார்வையிடும் எந்த உத்தியோகத்தரும் சொல்வதில்லை.

இத்தாலியில் ஒரு ஊர்

கசாலே மொன்ஃபெராத்தோ என்பது வட இத்தாலியில் ஒரு சின்ன ஊர். அங்கே 1907 இலிருந்து 1986 வரை அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகடும் குழாயும் செய்யும் பெரிய பெக்டரி ஒன்று இருந்தது. நல்ல வேலை, நிரந்தர வேலை என்று ஊர் அதை நம்பியது. குழாய்களைக் கடையும்போது விழும் தூளை ஊர் மக்கள் இலவசமாக எடுத்துப் போனார்கள். வீட்டு முற்றத்துக்குப் பரப்பினார்கள். பாதைக்குப் போட்டார்கள். குளிர் தாங்கக் கூரைக்கு அடியில் கொட்டினார்கள். நாம் உடைந்த சீட்டை வாசலில் பரப்புவது போலவேதான்.

பிறகு சாவு தொடங்கியது. முதலில் பெக்டரியில் வேலை செய்தவர்கள். அடுத்து அவர்களுடைய வேலை உடுப்பைத் தோய்த்த மனைவிமார். அதற்குப் பிறகு பெக்டரி வாசலையே மிதிக்காத ஆசிரியர்கள், கடைக்காரர்கள், பிள்ளைகள். ரொமானா பிளாசொட்டி பவேசி என்ற பெண் தன் கணவனை, சகோதரியை, ஒன்றுவிட்ட சகோதரத்தை, சகோதரியின் பிள்ளையை, கடைசியில் தன் மகளை மீசோதெலியோமாவுக்குப் பறிகொடுத்தார். அந்தத் தாய்தான் பாதிக்கப்பட்டவர்களின் சங்கத்துக்குத் தலைவியாகப் பல வருடம் நின்று போராடினார். அவருக்குத் தோள் கொடுத்தது அந்த ஊரின் தொழிற்சங்கம்.

2012 இல் தூரின் நகர நீதிமன்றம் பெக்டரி முதலாளிகள் இருவருக்கு 16 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. 2014 இல் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குற்றம் இல்லை என்பதால் அல்ல, சட்டம் வைத்த காலக்கெடு முடிந்துவிட்டது என்பதால்! இதை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். நோய் வர நாற்பது வருடம் ஆகிறது. சட்டத்தின் பொறுமை அதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. ஆகவே நோய் வந்த பிறகு நட்டஈடு கேட்கலாம் என்று காத்திருப்பது வீண். வருமுன் தடுப்பது ஒன்றுதான் நமக்கு இருக்கும் வழி.

அந்த ஊர் மக்கள் சோர்ந்து உட்காரவில்லை. முழு நாடும் தடை செய்ய முன்னரே, 1987 இல் தங்கள் ஊர் எல்லைக்குள் அஸ்பெஸ்டஸைத் தடை செய்ய வைத்தார்கள். 1992 இல் இத்தாலி முழுவதும் தடை வந்தது. கூரை கூரையாக மாற்றினார்கள். பெக்டரி இருந்த இடத்தை இடித்து, மண்ணை மூடி, 2016 இல் பிள்ளைகள் விளையாடும் பூங்காவாக்கினார்கள். ஒரு சின்ன ஊரின் தொழிலாளிகளும் விதவைகளும் சேர்ந்து செய்ததை, இத்தனை இலட்சம் பேர் இருக்கும் மலையகம் செய்ய முடியாதா?

அவர்கள் சொல்லப்போகும் நான்கு சாக்குகள்

முதலாவது, "வேறு தகடு விலை கூட." இன்றைய விலையில் கொஞ்சம் கூடத்தான். ஆனால் அஸ்பெஸ்டஸின் உண்மையான விலை கடையின் பில்லில் இல்லை. அது நாற்பது வருடம் கழித்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலையின் வரிசையில் இருக்கிறது. அந்தப் பில்லைக் கட்டுவது கம்பனி இல்லை, நம் குடும்பம். ஒருவர் விலையைக் குறைக்க இன்னொருவர் உயிரைக் கொடுப்பதற்குப் பெயர் சிக்கனமா?

இரண்டாவது, "எங்கள் ஆட்கள் நாற்பது வருடமாக இதன் கீழ்தான் இருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே." தோட்டத்தில் ஒருவர் நெஞ்சு வலியிலும் இருமலிலும் இறந்தால் என்ன நோய் என்று யார் ஆராய்கிறார்கள்? "சளி", "ஆஸ்துமா", "வயசு" என்று எழுதி முடிக்கிறார்கள். தேடாத இடத்தில் நோய் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது.

மூன்றாவது, "தகரம் போட்டால் பகலில் வெக்கை, இரவில் குளிர், மழையில் காது கிழியும்." இது உண்மை. தகரத்தின் கீழ் பிறந்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியப்புறம் தகரம் வேர்த்துப் பாயில் சொட்டும் தண்ணீர் நமக்குத் தெரியும். ஆனால் தெரிவு தகரமா அஸ்பெஸ்டஸா என்று இரண்டோடு முடிவதில்லை. அஸ்பெஸ்டஸ் இல்லாத நார்ச் சீமெந்துத் தகடுகள் இருக்கின்றன. அவற்றில் மரக்கூழ் நாரும் செயற்கை நாரும் கலக்கிறார்கள். துத்தநாகமும் அலுமினியமும் பூசிய இரும்புத் தகடு இருக்கிறது. அதன் கீழே சீலிங்கும் வெப்பம் தடுக்கும் விரிப்பும் போட்டால் வெக்கையும் இரைச்சலும் குறையும். மரச்சட்டம் உறுதியாக இருக்கும் இடத்தில் களிமண் ஓடு இருக்கிறது. பழைய துரை பங்களாக்கள் பலவற்றின் மேல் நூறு வருடமாக ஓடு இருக்கிறது. அந்தப் பங்களாக்களில் சில இன்று உல்லாச விடுதிகள். பழைய ஓட்டைப் பாதுகாத்து, முற்றத்துக்குக் கருங்கல் பதித்து, புல்தரை வளர்த்து, வெளிநாட்டாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நல்ல பொருள் எது என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. யாருக்கு எதைப் போடுவது என்பதில்தான் அவர்களுடைய கணக்கு இருக்கிறது.

நான்காவது சாக்குத்தான் பெரியது. "ரஷ்யா கோபித்துக்கொண்டால் தேயிலை விற்காது, உங்களுக்கே வேலை போகும்." இதைச் சொல்லித்தான் 2017 இல் எல்லோருடைய வாயையும் அடைத்தார்கள். தேயிலை வாங்கும் நாட்டோடு நட்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கைச் சரக்கை விற்க மறு கையால் விஷத்தை வாங்குவது நட்பு இல்லை. அப்படி ஒரு கட்டாயம் இருந்தது என்றால் அரசாங்கம் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். அதன் சுமையைத் தேயிலையில் இலாபம் எடுக்கும் எல்லோரும் பகிர்ந்திருக்க வேண்டும். இலாபம் வரும்போது கம்பனியின் கணக்கு, நட்டம் வரும்போது தொழிலாளியின் நுரையீரல் என்று பங்கு பிரிப்பதை நாம் ஏற்க முடியாது.

கூரை யாருடையது?

சிலர் கேட்கலாம், வீட்டுக்காரர்தானே கூரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. நாம் வீட்டுக்காரர் இல்லையே! நிலம் அரசாங்கத்துடையது. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. 53 வருடக் குத்தகை அவர்களிடம் இருக்கிறது. லயன் தோட்டத்தின் சொத்து. ஒரு ஜன்னல் வைக்கவும் நிர்வாகத்திடம் அனுமதி கேட்கச் சொல்கிறார்கள். அனுமதி தரும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது என்றால், அந்தக் கூரையால் வரும் கேட்டுக்குப் பொறுப்பும் அவர்களுக்கே. அதிகாரத்தை வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் நம் தலையில் போட முடியாது.

இப்போது பேசுவதற்கு இன்னொரு அவசரமும் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. மலையகத்தில் மண் சரிந்து வீடுகள் புதைந்தன. இனிப் புதிய வீடுகள் கட்டத்தான் வேண்டும். எங்கே கட்டுவது, எத்தனை பேர்ச்சஸ் நிலம் என்று பேச்சு நடக்கிறது. அதோடு எதனால் கட்டுவது என்றும் கேட்போம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்ணுக்குள் போன பிறகு, பாதுகாப்பான இடம் எது என்று கேட்க நாம் கற்றுக்கொண்டோம். பாதுகாப்பான பொருள் எது என்றும் இனி கேட்க வேண்டும். மண்சரிவிலிருந்து தப்பியவரைக் கொண்டுபோய் அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் குடியேற்றுவது மறுவாழ்வு ஆகாது. சரிந்த லயன்களின் இடிபாட்டிலும் உடைந்த சீட் கிடக்கும். அதை அள்ளுகிறவர்களுக்குத் தகுந்த முகக்கவசம் கொடுக்காமல் கூலிக்கு விடுவதும் குற்றம்தான்.

நம் கோரிக்கைகள்

1. தோட்டப் பகுதியில் அரசாங்கமோ, கம்பனியோ, வெளிநாட்டு உதவியோ கட்டும் எந்தப் புதிய வீட்டுக்கும் அஸ்பெஸ்டஸ் சீட் போடக்கூடாது. கேள்விப்பத்திரத்திலேயே இது எழுதப்பட வேண்டும். பிள்ளை மடுவம், பாடசாலை, தோட்ட ஆஸ்பத்திரி, கொழுந்து மடுவம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

2. ஒவ்வொரு தோட்டத்திலும் எந்த லயனில் அஸ்பெஸ்டஸ் கூரை இருக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது என்று கணக்கெடுத்துப் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். உடைந்த கூரைகளை முதலில் மாற்ற வேண்டும்.

3. அகற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டும். செலவு நிர்வாகத்துடையது. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்கக்கூடாது.

4. உடைந்த சீட்டைச் சேர்த்து ஆழப் புதைக்க ஒவ்வொரு பிரதேச சபையும் தனி இடம் ஒதுக்க வேண்டும். ஆற்றோரமும் கானும் குப்பைமேடும் அதற்கு இடமல்ல.

5. கூரை வேலை செய்தவர்களுக்கும் நெடுநாள் இருமல் உள்ளவர்களுக்கும் நெஞ்சுப் பரிசோதனை செய்து, அந்த விபரத்தைப் பதிந்து வைக்க வேண்டும்.

6. தள்ளிப்போட்ட தடைக்கு அரசாங்கம் புதிய திகதி ஒன்றை அறிவிக்க வேண்டும். அந்தத் திகதியைப் பாராளுமன்றத்தில் சொல்ல வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை

நல்ல நிலையில் இருக்கும் சீட்டைத் தொடாதீர்கள். வாளாலோ கிரைண்டராலோ அறுக்காதீர்கள். பாசியைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். கட்டாயம் கழற்ற வேண்டி வந்தால் முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனையுங்கள். ஆணியைக் கழற்றி முழுத் தகடாக இறக்குங்கள். மேலிருந்து வீசி உடைக்காதீர்கள். அந்த நேரம் பிள்ளைகளும் கர்ப்பிணிப் பெண்களும் பக்கத்தில் நிற்கக்கூடாது. லேஞ்சியை முகத்தில் கட்டினால் போதாது, நார் அதற்குள்ளால் போகும். அதற்கென்றே செய்த முகக்கவசத்தை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். தூளை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டுங்கள். வேலை செய்த உடுப்பை உதறாமல் நனைத்துத் தனியாகத் தோயுங்கள். வாசலிலும் பாத்தியிலும் கோழிக்கூட்டிலும் கிடக்கும் துண்டுகளை நனைத்துப் பொலித்தீனில் சுற்றி, யாரும் மிதிக்காத இடத்தில் வையுங்கள். மேசன் பாஸுக்கும் கூரை வேலைக்குப் போகும் நம் இளைஞர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். கொழும்பில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அவர்கள்தான் நாள்தோறும் இந்தப் புழுதியில் நிற்கிறார்கள்.

தோட்டத் தலைவர்களே, மாதர் சங்கத் தலைவிகளே! அடுத்த முறை லொறியில் சீட் வந்து இறங்கும்போது, அல்லது தேர்தல் மேடையிலிருந்து ஒருவர் சீட் தருகிறேன் என்று சொல்லும்போது, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் அஸ்பெஸ்டஸ் இருக்கிறதா?" இருக்கிறது என்றால் திருப்பி அனுப்புங்கள். இல்லை என்றால் எழுத்தில் வாங்குங்கள். ஒரு தோட்டம் திருப்பி அனுப்பினால் நிர்வாகம் முகம் சுளிக்கும். பத்துத் தோட்டம் திருப்பி அனுப்பினால் கம்பனி வேறு தகடு தேடும். மலையகமே திருப்பி அனுப்பினால் கொழும்பு சட்டம் எழுதும்.

நூற்றைம்பது வருடமாக இந்த நாட்டுக்குத் தேயிலை கொடுத்திருக்கிறோம். அதற்கு ஈடாக நம் பிள்ளைகளின் மூச்சையும் கொடுக்க முடியாது. நல்ல கூரையைச் சலுகையாகக் கெஞ்ச வேண்டியதில்லை. உழைத்த கூலியைப் போல அதையும் உரிமையாகக் கேட்போம். ஒன்றாகக் கேட்போம். கிடைக்கும்வரை கேட்போம்.